நீல டேப்

அத்தியாயம் பதினேழு

இரவெல்லாம் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வீடு திரும்புகிற தம்பிக்குப் புருவத்தில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும். "வாடா கிழவா, மூஞ்சியக் கழுவு" என்று அம்மா கிண்டல் செய்வாள். இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. அக்கா இருந்தாள், ஆனால் அவள் கிண்டல் செய்கிற நிலையில் இல்லை. கடைக்குப் போகிற உடுப்பை விட்டுவிட்டு, கோர்ட்டுக்கென்று எடுத்துவைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மேசைமேல் ஒரு டேப் சுருள் இருந்தது. நீல நிறம்.

தம்பி அதைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் முகம் கழுவி வருவதற்குள், இந்தப் பக்கத்துக்கு இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். ஒரு கம்பெனியிடமிருந்து வாடகைக்கு மூச்சு மெஷின் வந்தது. காற்று தடைப்பட்டால் அதன் அலாரம் கத்த வேண்டும். இதுவோ ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தியது. தும்மினால் கத்தியது, திரும்பிப் படுத்தால் கத்தியது. கம்பெனி அனுப்பிய மெக்கானிக் வந்து பார்த்தார். கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து, அலாரத்தின் ஓட்டைமேல் ஒட்டிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் பட்டப்பகலில் மெஷின் நிஜமாகவே நின்றது. வாயடைத்த அலாரம் முனகியது யார் காதிலும் விழவில்லை. அக்கா மத்தியானம் சாப்பிட வந்தபோது அம்மா போயிருந்தாள். அடுத்த அறையில் தம்பி இரவு வேலை அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கம்பெனி நஷ்டஈடு தருகிறேன் என்றது. அக்கா வேண்டாம் என்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: மெஷின் சரியில்லை என்று தெரிந்தே வீடு வீடாக அனுப்பிய முதலாளி குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். போலீஸ் முதலாளியைத் தேடியது. வெளியூரில் இருக்கிறார் என்றது, விலாசம் மாறிவிட்டது என்றது, பொறுப்பு வேறு ஆளுடையது என்றது. கடைசியில் பிடித்தது மெக்கானிக்கை. அக்கா கொடுத்த வாக்குமூலத்தில், "கம்பெனி ஆள் வந்து டேப் ஒட்டினார்" என்று போகிறபோக்கில் ஒரு பேச்சு இருந்தது. கம்பெனியின் லட்சணம் எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காகத்தான் அவள் அதைச் சொன்னாள். சட்டத்துக்கு அதில் கம்பெனி தெரியவில்லை, ஆள் தெரிந்தார்.

போன வாரம் மெஷினை அடையாளம் காட்ட அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கான்ஸ்டபிள் கோணியை விலக்கினார். அலாரத்தின் ஓட்டைமேல் இருந்த டேப் கறுப்பாக இல்லை, நீலமாக இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைகளில் லென்ஸைத் தேய்க்கும்போது கீறல் விழாமல் இருக்க மேலே ஒட்டுவார்களே, அந்த நீல டேப். அக்கா வேலை பார்ப்பது அப்படி ஒரு கடையில். தீரப்போகிற சுருள்களை, எதற்காவது ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுவருவது அவள் பழக்கம்.

"இதுதானா மெஷின்?" என்று கேட்டார்கள்.

"இதுதான்" என்றாள்.

டேப் என்ன நிறம் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தம்பி குளியலறையிலிருந்து வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எப்ப ஒட்டினே?" என்றாள்.

"என்னத்த?"

"எங்கிட்ட நடிக்காதடா. உனக்கு மூக்குத் துடைச்சு விட்டவ நான்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கடைசி வாரம். அந்தாளு ஒட்டினது காஞ்சு போய் விழுந்துடுச்சு. நான் அப்பத்தான் வந்து படுத்தேன். சும்மா சும்மா கத்துது. தெருவே எட்டிப் பாக்குது. அம்மா ஏதோ தப்புப் பண்ணின மாதிரி முழிச்சுக்கிட்டு, 'வேற ஏதாவது எடுத்து ஒட்டிடுடா, நீ தூங்கணும்ல'ன்னாங்க. கையில கிடைச்சதை ஒட்டினேன்."

"இத்தனை மாசம் ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? கம்பெனி, கம்பெனின்னு தலைதெறிக்க ஓடிட்டிருந்தே. உனக்கு நடுவுல புகுந்து நான் என்னத்தச் சொல்ல?"

"அந்த மெக்கானிக் உள்ள போகப்போறாரு."

"போகட்டுமே! அவரு ஒட்டிக் காட்டலைன்னா எனக்கு அந்தப் புத்தி வந்திருக்குமா? ஒட்டச் சொல்லி அவரை அனுப்பினது கம்பெனி. கெட்டுப்போன மெஷினைக் கொண்டாந்து போட்டது கம்பெனி. நடுவுல நான் எங்க வர்றேன்க்கா?"

நியாயமான கேள்விதான். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேசினால் எதிர்க்கேள்வி கேட்க முடியாத கேள்வி. கோர்ட்டில் இது ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று அக்காவுக்குத் தெரியும். மாதக்கணக்கில் கோர்ட் வராந்தாவில் காய்ந்ததில் அவள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

"என்னைக் காட்டிக்கொடுக்கப் போறியாக்கா?"

அவனே சுட்டுக் கொண்டுவந்த ரொட்டியைத் தட்டில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. அந்தச் சுருளைக் கடையிலிருந்து வீட்டுக்குச் சுமந்து வந்தது அவள்தானே.

"நானும் வர்றேன்" என்றான் தம்பி.

"நைட்டெல்லாம் வேலை பாத்திருக்கே. தூங்கு."

"தூக்கமா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

கோர்ட் வராந்தாவில் கூட்டம் அலைமோதியது. அரசு வக்கீலம்மா ஜன்னல் விளிம்பில் ஃபைல்களைப் பரப்பி, வாயில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. ஆனால் நல்லவர்கள் எல்லோருக்கும் நாற்பது ஃபைல்கள் இருக்கின்றன. தம்பியை உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டு அக்கா அவரிடம் போனாள்.

"மேடம், ஒரு சந்தேகம். அந்த டேப்பை மெக்கானிக் ஒட்டலைன்னா என்னாகும்?"

அரசு வக்கீல் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "வேற யாரு ஒட்டினா?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"கோர்ட் வாசல்ல யாரும் ஒரு பேச்சுக்குக் கேக்கறதில்லம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "வீட்டு ஆள் யாராவது ஒட்டியிருந்தா, கம்பெனிக்காரனுக்கு இன்னைக்குக் கொண்டாட்டம். 'எங்க மெஷின் கத்திச்சு, இவங்கதான் வாயை அடைச்சாங்க'ன்னு மாலையும் கழுத்துமா வெளிய போயிடுவான். கேஸ் ஒட்டினவர் மேல திரும்பும்."

"மெக்கானிக்தான் ஒட்டினாருன்னா?"

"'நாங்க ஒட்டச் சொல்லல, அவரா ஒட்டினாரு'ம்பான். அப்பவும் வெளிய போயிடுவான்."

"அப்ப எப்பத்தான் மேடம் கம்பெனி மாட்டும்?"

"மெஷின்ல பழுது இருக்குன்னு மேல இருக்கறவனுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அனுப்பினான்னு நிரூபிக்கணும். அதுக்கு மெஷினைப் பிரிச்சுப் பாக்கணும்னு மனு போட்டேன். இந்த மாடலைப் பத்தித் தெரிஞ்ச நிபுணர் ஒருத்தர்தான் இருக்காருன்னு பதில் வந்துச்சு. அவர் எங்க வேலை பாக்கறாரு தெரியுமா?"

அக்காவுக்குக் கேட்காமலே தெரிந்தது.

"அதே கம்பெனியிலதான்" என்றார் அரசு வக்கீல். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு மறுபடியும் பேனா மூடியைக் கடித்தார்.

கம்பெனி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு முத்திரை உண்டு, கட்டடம் உண்டு, விளம்பரத்தில் பல் தெரியச் சிரிக்கிற குடும்பம்கூட உண்டு. விலங்கு மாட்ட மணிக்கட்டு மட்டும் கிடையாது. அதனால் பக்கத்தில் யாருடைய மணிக்கட்டு இருக்கிறது என்று சட்டம் தடவிப் பார்க்கிறது. இந்தக் கதையில் அது மெக்கானிக்குடையதாக இருந்தது.

அந்த மெக்கானிக் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை. பக்கத்திலேயே காவல் காக்கிற கம்பெனி வக்கீல், போன் வந்ததால் சற்றுத் தள்ளிப் போயிருந்தார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றார் மெக்கானிக்.

வழக்கில் சிக்கியவர் வழக்குப் போட்டவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அம்மா போன அன்றைக்கும் கம்பெனியிலிருந்து வந்த ஒரே ஆள் அவர்தான். வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குத்தத்தை ஒத்துக்கப் போறீங்களாமே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. வக்கீலு கம்பெனி வெச்சுக் கொடுத்தது. ஒத்துக்கிட்டா கொஞ்ச நாள்தானாம். வெளிய வந்தா வேலை அப்படியே இருக்குமாம். இல்லைன்னா வக்கீலும் கிடையாது, வேலையும் கிடையாது. வேலையில்லாம ஜெயிலுக்குப் போறதுக்கு, வேலையோட போயிட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

"ஒட்டச் சொன்னது யாரு?"

"திங்கக்கிழமை மீட்டிங்ல மேனேஜர்தான் சொன்னாரு. 'அலாரம் கத்துதுன்னு போன் வந்தா, போயி வாயை அடைச்சுட்டு வாங்க. சென்சாரை மாத்தணும்னா எல்லா மெஷினையும் திரும்ப வாங்கணும், அது நடக்கற கதையில்ல'ன்னாரு. நான் போன வீட்லயெல்லாம் ஒட்டியிருக்கேன்க்கா."

"இதை ஜட்ஜ் முன்னாடி சொல்லுங்களேன்!"

"அந்த மீட்டிங்ல இருந்தவங்க எல்லாரும் இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறாங்க. நான் சொன்னா, 'எந்த மீட்டிங், எந்தத் திங்கக்கிழமை?'ம்பாங்க."

குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார். திரும்பாமலே சொன்னார்:

"அக்கா, நான் ஒட்டறது கறுப்பு டேப்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல மெஷினைக் காட்டினப்பவே பாத்துட்டேன். உங்க வீட்டு மேசையில அந்த நீல ரோல் கிடந்ததையும் பாத்திருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடல. உங்கம்மா ஒருநாளும் எனக்கு டீ கொடுக்காம அனுப்பினதில்ல. நீங்களும் சொல்லாதீங்க. தம்பி சின்ன வயசு. முதல்ல ஒட்டின பாவம் எப்படியும் என்னோடதுதானே."

அவளுக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, நிம்மதி. அப்பாடா, தம்பி தப்பித்தான் என்கிற நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கம்பெனி வக்கீல் போனை மடக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, திருடியைப் போல நகர்ந்து போனாள்.

உள்ளே தம்பி பெஞ்சில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். முன்னால் மேசைமேல் கோணி சுற்றிய மெஷின் இருந்தது. நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக்கிடம் கேட்டார்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேங்க ஐயா."

"யாராவது மிரட்டினாங்களா? ஆசை காட்டினாங்களா?"

மெக்கானிக் கம்பெனி வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். "இல்லீங்க ஐயா."

அக்கா பக்கத்தில் தம்பி மூச்சை விட்டான். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு. அவள் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவள் திறக்கவில்லை. அது நம் கதாநாயகிக்கு அழகில்லைதான்; ஆனால் தம்பி இருக்கிற அக்காக்கள் அவள்மேல் கல்லெறிய மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"தண்டனை விவரம் மத்தியானம்" என்றார் நீதிபதி. "இந்த மெஷினை என்ன பண்றது?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அது எங்க கம்பெனி சொத்துங்க ஐயா, வாடகைக்குக் கொடுத்தது. திரும்பக் கேட்டு மனு போட்டிருக்கோம். துடைச்சு, சுத்தம் பண்ணி, தேவைப்படற இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துடுவோம். எத்தனையோ பேர் மெஷின் கிடைக்காமக் காத்திருக்காங்க."

"ஆட்சேபணை உண்டா?" என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். அரசு வக்கீல் எழுந்திருக்கும் முன்பே அக்கா எழுந்துவிட்டாள்.

எழ வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை. துடைத்து, சுத்தம் பண்ணி என்ற சொற்கள் காதில் விழுந்ததும் கால் தானாக நிமிர்ந்துவிட்டது. தம்பி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள்.

"குடுக்காதீங்க ஐயா!"

"யாரும்மா நீங்க?"

"செத்துப்போனவங்களோட பொண்ணு. அந்த மெஷினைக் குடுக்காதீங்க. போற வீட்லயும் அது சும்மா சும்மா கத்தும். அந்த வீட்லயும் தாங்க முடியாம வாயை அடைப்பாங்க. அங்கயும் ஒருநாள் நிஜமா நிக்கும்."

"அடைச்சவர்தான் ஒத்துக்கிட்டாரே?"

"அவர் ஒட்டினது கறுப்பு டேப்பு. இப்ப அதுல இருக்கறது நீலம். எங்க வீட்டு டேப்பு."

கோர்ட்டில் கைவிசிறியை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். குமாஸ்தா கோணியை விலக்கினார். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி வாங்க" என்றார்.

அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். கோர்ட்டில் ஒரு கூண்டில் முதலாளி நிற்பதாக அவள் எத்தனையோ முறை மனக்கண்ணில் பார்த்திருக்கிறாள். தானே ஒரு கூண்டில் ஏறி, இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

"உங்க வீட்ல அதை ஒட்டினது யாரு?"

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. வாசல் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த வழக்கில் பொய் சொல்ல ஏற்கெனவே ஆட்கள் அதிகம்.

"என் தம்பி" என்றாள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மெக்கானிக் ஒட்டினது விழுந்துடுச்சு. அவரைப் பாத்துக் கத்துக்கிட்டதைத்தான் என் தம்பி செஞ்சான். அவரை ஒட்டச் சொல்லி அனுப்பினது கம்பெனி. அவரைக் கேளுங்க ஐயா."

எதிர்க் கூண்டிலிருந்து மெக்கானிக் அலறினார். "இல்லீங்க ஐயா! அந்த அக்கா ஏதோ துக்கத்துல பேசறாங்க. ரெண்டு தடவையும் நான்தான் ஒட்டினேன்! கம்பெனியில யாரும் எதுவும் சொல்லல!"

கம்பெனி வக்கீல் நிதானமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அவருக்கு என்ன? இவர் ஒட்டினாலும் லாபம், அவன் ஒட்டினாலும் லாபம்.

அரசு வக்கீல் மட்டும் இந்தமுறை பேனா மூடியைக் கடிக்கவில்லை. எழுந்து மளமளவென்று பேசினார். மெக்கானிக் ஒத்துக்கொண்டதை ஏற்கக் கூடாது, மெஷின் கோர்ட்டை விட்டுப் போகக் கூடாது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

நீதிபதி நீண்ட நேரம் மூக்கைத் துடைத்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு தெரியற வரைக்கும் இவர் ஒத்துக்கிட்டதை நான் ஏத்துக்க முடியாது. மெஷின் இங்கயே இருக்கட்டும். பிரிச்சுப் பாக்கற விஷயத்தை அடுத்த தடவை பேசலாம். அந்தத் தம்பியையும் விசாரிச்சுக் கூட்டிட்டு வாங்க."

கம்பெனி வக்கீல் நீட்டிய காலை மடக்கினார். இத்தனை மாதத்தில் கம்பெனி கேட்டு, இல்லை என்று ஒரு பதில் வந்தது இதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாட அக்காவுக்கு யாரும் மிச்சமில்லை.

கூண்டிலிருந்து இறங்கிய மெக்கானிக் அவளைக் கடந்து போகும்போது, "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. வேலையும் போயிற்றே என்கிற களைப்புதான் இருந்தது.

வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி போட்டாள். படிக்கட்டு வரை போய்த் தெருவைப் பார்த்தாள். வெயிலில் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இல்லை.

"ஏம்மா, இங்க வாங்க."

வழக்கை விசாரிக்கிற போலீஸ் அதிகாரி நின்றிருந்தார். கையில் பேனா தயாராக இருந்தது.

"தம்பி விலாசம் சொல்லுங்க. வேலை பாக்கற இடமும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முதலாளி விலாசம் கிடைச்சுதா சார்?"

"அது பாட்டுக்கு விசாரணை போயிட்டிருக்கு. நீங்க தம்பியோடதைச் சொல்லுங்க. இன்னைக்கே பிடிச்சாகணும்."

அது அவள் வீட்டு விலாசமும்தான். கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். அவர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.